நாவலடியிலிருந்து பொத்துவில் வரை

2004 டிசம்பர் 26 காலை மட்டக்களப்பு நாவலடியில் அம்மாவையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோனது. எனக்கு அப்போது 12 வயது. டவுனில் மாமி வீட்டில் நின்றதால் தப்பினேன்.

இருபதாவது ஆண்டு நினைவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊரில் ஆறு பேர் கூடினோம். ஆறு பேருமே வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள். நாவலடியிலிருந்து பொத்துவில் வரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர், ஒரே நாளில் சைக்கிளில் போவது. சேருகிற காசில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம்.

செப்டம்பரில் பயிற்சி தொடங்கியது. சனிக்கிழமைகளில் களுவாஞ்சிக்குடி வரை போய்த் திரும்புவோம். மூன்றாவது வாரமே எனக்கு முழங்காலின் முன்பக்கம் குத்தத் தொடங்கிவிட்டது. ஆரையம்பதியில் சைக்கிள் திருத்துகிற ஐயா என்னை ஏறி இருக்கச் சொல்லிப் பார்த்தார். "தம்பி, சீட் பதிவாக் கிடக்கு. கால் நீள இடமில்லை" என்று மூன்று விரற்கடை உயர்த்தி இறுக்கினார். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. நீண்ட தூரம் சைக்கிள் ஓட நினைக்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்: பெடல் அடியில் நிற்கும்போது கால் கொஞ்சம்தான் மடிந்திருக்க வேண்டும்.

பொலிஸுக்குக் கடிதம் கொடுத்தோம். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாதபடி வங்கிக் கணக்குத் திறந்தோம். ரசீதுப் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக அச்சடித்தோம்: 'யாருடைய நினைவாக'. அந்த வரியைப் பார்த்த பிறகு யாரும் எங்களை வாசலில் வைத்துப் பேசவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார்கள்.

நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் இரண்டு வாரப் பயிற்சி போனது. சரி, நடக்கிறது நடக்கட்டும் என்று டிசம்பர் 26ஆம் திகதி விடிய 5.30க்கு நினைவுத்தூபியில் விளக்கேற்றிவிட்டுப் புறப்பட்டோம். கல்லடி, காத்தான்குடி, கல்லாறு.

9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். அந்த நேரம் மருதமுனையில் இறங்கி நின்றோம். முடிந்ததும் கைத்தறிச் சாரன் விற்கிற கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "மகன், அந்தப் புத்தகத்த இஞ்ச தாங்க." காசை எண்ணித் தந்துவிட்டுத் தானே எழுதினார். அந்த ஒரு வரி போதவில்லை. ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். பதினொரு பெயர். கடைசிப் பெயரில் பேனை நின்றது. "இது மகள்ட புள்ள. நாப்பது நாள். பேர் வெச்சிருந்தம் மகன்" என்றார். அதன் பிறகு நிந்தவூர் வரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திருக்கோவில் தாண்டினால் வீடுகள் குறைந்துவிடும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நடக்கிற பாதை அது. யானை இறங்கும் என்பதால் பொழுது சாய முன் கோமாரியைக் கடக்க வேண்டும். அந்த அவசரத்தில்தான் என் பின் டயர் காற்றுப் போனது. வீதியோரக் குழியில் நின்ற மழைத்தண்ணீரில் டியூபை அமிழ்த்திக் குமிழ் வந்த இடத்தைப் பிடித்தோம். ஈரத்தில் ஒட்டு பிடிக்கவில்லை. கூட ஓடியவர் கொண்டுவந்திருந்த புது டியூபைப் போட்டுத்தான் தப்பினோம். ஆளுக்கொரு டியூப் கட்டாயம் கொண்டுபோங்கள்.

பொத்துவில் சேர மாலை ஐந்தேகால். கடற்கரையில் ரசீதுகளைப் பிரித்துப் பெயர்களை மாறி மாறி வாசித்தோம். முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கடைசிப் பக்கங்களைக் கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்தோம்.

ஒன்பது சைக்கிள் வாங்க முடிந்தது. யாருக்கு என்பதை அதிபரே தெரிவு செய்தார். ஒரு பிள்ளைக்குப் பெடல் எட்டவில்லை. என் தங்கச்சிக்கு அப்போது ஏழு வயது, சைக்கிள் பழகியிருக்கவில்லை. நான் ஸ்பானர் வாங்கி, சீட்டை இரண்டு விரற்கடை இறக்கி இறுக்கிக் கொடுத்தேன்.