செத்த ராஜாக்களும் 450 ரூபாய் ஆட்டோவும்: வள்ளிமலை, மேல்பாடி, திருவல்லம்

முதலில் அந்த ஆட்டோவைத் திட்டி முடித்துவிடுகிறேன். அப்புறம்தான் கோயில், குகை, ராஜா எல்லாம்.

வேலூர்ப் பக்கத்து மேல்பாடியிலிருந்து திருவல்லம் 10 கிலோமீட்டர் இருக்கும். மத்தியானம் மூன்றரை மணி. நானும் சித்தியும் புளியமரத்தடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டோம். டீக்கடைக்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "தோ வந்துடும்மா" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு டவுன் பஸ் வரத்தான் வந்தது. கை காட்டினோம். மரத்தடியில் ஆளே இல்லாத மாதிரி புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது. "ஃப்ரீ டிக்கெட்டுன்னா நிக்க மாட்டானுங்க" என்றார் டீக்கடைக்காரர், ஏதோ வானிலை சொல்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்தது. 600 ரூபாயாம். சித்திக்கு மூச்சே நின்றுவிட்டது. "இன்னாப்பா, இந்தக் காசுக்கு ரெண்டு பேரும் மெட்ராஸுக்கே போய்ட்டு வந்துடுவோமே!" இழுத்துப் பறித்து 450-க்கு வந்தார். திரும்பி காலியாக வர வேண்டுமே, அதனால்தான் அந்த ரேட்டாம். சரி, நியாயம் என்று ஏறி உட்கார்ந்தால், அரை கிலோமீட்டரில் ஒரு அம்மாவை ஏற்றினார். அடுத்த நிறுத்தத்தில் வேர்க்கடலை மூட்டையோடு ஒரு பெரியவர். இரண்டு பேரிடமும் தலைக்கு 30 ரூபாய்! மூட்டைக்கு இடம் என் காலடியில். கடைசியில் கோயில் வாசல் வரைக்காவது வந்தாரா என்றால் அதுவும் இல்லை. "தோ தெரியுது பாரு கோபுரம், நடந்தா அஞ்சு நிமிஷம்" என்று ரோட்டிலேயே இறக்கிவிட்டார். பதினைந்து நிமிஷம் நடந்தோம்.

ஆச்சு. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக ஆபீஸில் நாலு பேரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆட்டோவில் ஆரம்பித்ததிலேயே வரிசை போய்விட்டது, மன்னிக்கவும்.

இந்தப் பயணத்துக்கு விதை போட்டது கண்டியில். போன வருஷம் சிநேகிதிகளோடு இலங்கை போனேன், தலைக்கு 60,000 பக்கம் பழுத்தது. கண்டி ஏரிக்கரையில் நின்று ஆளுக்கு நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்களைக் கூட்டிப்போன வேன்காரர் "எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டார். வேலூர் என்றேன். "அப்ப இந்தக் குளத்தை வெட்டின ராசா உங்கட ஊரிலதானே செத்தவர்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்தவள் நான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏதோ கல்யாண மண்டபம் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி ராஜா. நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த வருஷமே கப்பலேற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால், 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே கோட்டை. திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் காவலில் வைத்திருந்ததும் அங்கேதான். ஆங்கிலேயருக்கு எங்கள் ஊர், ராஜா வீட்டுக்காரர்களை அடைத்துவைக்கிற கொட்டடியாக இருந்திருக்கிறது. கண்ணுசாமி பதினாறு வருஷம் இங்கே இருந்து 1832-இல் இறந்தார். இன்றைக்கு இலங்கைக் கொடியில் வாளோடு நிற்கிற சிங்கம் அவருடைய கொடியிலிருந்து வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாக முத்து மண்டபம் போனேன். ராஜாவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சமாதிகள். அதன் மேல் 1990-இல் தமிழக அரசு எழுப்பிய மண்டபம். நான் போனபோது வேறு ஒருத்தரும் இல்லை. பின்னால் பாலாறு, வழக்கம்போலத் தண்ணீர் இல்லாமல். கண்டியில் அத்தனை பெரிய ஏரியை வெட்டிய ஆள், இந்த மணலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் நான் அரை மணி நேரம் இருந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் சொன்னேன், நாளைக்கு மேல்பாடியில் இன்னொரு ராஜா இருக்கிறார் என்று. "ஏண்டி, உனக்கு லீவு கிடைச்சா சுடுகாடு சுடுகாடாத்தான் சுத்துவியா?" என்றாள். ஆனால் அதே பக்கம்தான் வள்ளிமலை என்றதும் புடவையை எடுத்து வைத்துவிட்டாள். ஒரே நிபந்தனை: முதலில் முருகன், அப்புறம்தான் செத்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து பட்ஜெட் 500 ரூபாய். சிரிக்காதீர்கள், போகிற பஸ் இரண்டு பேருக்கும் இலவசம்.

வள்ளிமலைக்குக் காட்பாடி வழியாகப் போகிற பஸ். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம். வள்ளி பிறந்து தினைப்புனம் காத்த இடம் இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. 400 படிக்கு மேல். எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும், ஒன்பதரைக்கெல்லாம் படியில் காலை வைக்க முடியாது. மேலே பாறையைக் குடைந்த கருவறையில் முருகன். தரிசனம் நன்றாக ஆயிற்று. சித்தியின் தேங்காய் மூடியைக் குரங்கு பிடுங்கிப்போனதைத் தவிரக் குறையில்லை.

நான் அங்கே போனது வேறொன்றுக்காக. அதே மலையில், இயற்கையாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பாறைக்கு அடியில், சமணர்கள் வணங்குகிற தீர்த்தங்கரர்களைப் புடைப்பாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு வழியிலேயே போனால் கண்ணில் படாது. கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவும் இல்லை. பூக்கார அம்மா ஒருத்தர்தான் "அந்தச் சாமியாருங்க பாறையா?" என்று சரியாக வழி சொன்னார். 9-ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் பக்கத்து கங்க அரசன் ராஜமல்லன் இந்த மலையைப் பிடித்தபின் இங்கே சமணப் பள்ளி அமைத்ததைச் சொல்கிற கல்வெட்டு பாறையிலேயே இருக்கிறது. கன்னடக் கல்வெட்டு! சித்திக்கு இதை ஜீரணிக்கவே முடியவில்லை. "வள்ளி மலையில கன்னடத்துல எழுதி வெச்சிருக்கானா?" அஜ்ஜநந்தி என்ற துறவியின் பெயரும் இங்கே வருகிறது. மதுரைப் பக்கத்து சமணக் குன்றுகளில் அச்சணந்தி என்று திரும்பத் திரும்ப வரும் பெயர் ஞாபகத்துக்கு வந்தது எனக்கு. பாறை நிழலில் அப்படி ஒரு குளிர்ச்சி, காற்று. சித்தி முந்தானையை விரித்துப் படுத்தே விட்டாள். முருகனைப் பார்க்க நூறு பேர் ஏறியிருப்பார்கள் அன்றைக்கு, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டே பேர். பாறையில் காதலர்கள் பெயர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எழுதுகிறவர்களுக்கு ஆயிரம் வருஷத்துக் கல்தானா கிடைத்தது?

சாப்பாடு. இதற்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். மேல்பாடியில் கீற்றுக் கொட்டகை, பெயர்ப் பலகை கூட இல்லை. கேழ்வரகுக் களி, முள்ளுக் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல். முள்ளுக் கத்திரிக்காய் என்றால் எங்கள் ஜில்லாவில் இலவம்பாடிதான். காம்பிலும் தோலிலும் முள், கையில் குத்தும்; 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. வெந்தால் வெண்ணெய். குழம்பை ஊற்றிக் களியைக் கிள்ளி, கிள்ளியதைக் குழம்பில் புரட்டி, அப்படியே முழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும், அப்புறம் களியைக் குறை சொல்வீர்கள். சென்னையில் இதையே மண்சட்டியில் வைத்து 280 ரூபாய் வாங்குகிறார்கள். இங்கே ஒரு உருண்டை, குழம்பு, கீரை எல்லாம் சேர்த்து 50. நான் இரண்டாவது உருண்டை கேட்டேன். சித்தி முருகனைப் பார்த்துவிட்டு வந்ததால் கருவாடு தொட மாட்டேன் என்று கீரையோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "அந்தக் கத்திரிக்காயை மட்டும் எடுத்துப் போடு, காய்தானே" என்றாள்.

அந்தத் தெம்போடுதான் மேல்பாடிக் கோயிலுக்குப் போனோம். பொன்னையாற்றுக்குப் பக்கத்தில் பெரிதாக சோமநாதீஸ்வரர் கோயில். நான் தேடி வந்தது எதிரில் இருக்கிற சின்னது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். அரை மணி நேரம் வெளியே நின்று சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளே போனால் சுத்தமான புல்தரை, நடுவில் ஒரு கற்றளி, கல்லாலேயே கட்டிய கோயில். ஆள் அரவமே இல்லை.

சித்தி கை கூப்பிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் சொன்னேன், இது பள்ளிப்படை, அதாவது செத்துப்போன ராஜாவுக்காக எடுத்த சமாதிக் கோயில் என்று. ராஜராஜ சோழன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காக எடுத்தது, கல்வெட்டில் திருவரிஞ்சீஸ்வரம் என்று பெயர். ஊருக்கும் அப்போது ராஜாச்ரயபுரம் என்று தன் பட்டப்பெயரையே வைத்திருக்கிறான். தாத்தாவை அந்தக் கல்வெட்டு 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்கிறது. செத்தார் என்று எழுத மாட்டார்கள், தூங்கினார் என்பார்கள். இந்த அரிஞ்சயனின் அண்ணன் ராஜாதித்தன் 'யானை மேல் துஞ்சின தேவர்'. 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் யானை மேல் உட்கார்ந்தபடியே கொல்லப்பட்டவன். அந்தத் தக்கோலமும் பழைய வட ஆற்காடு ஜில்லாதான், அரக்கோணத்துக்குப் பக்கம். அந்தத் தோல்விக்குப் பிறகு தொண்டை மண்டலமே சோழர் கையை விட்டுப் போயிற்று. மீட்டு எடுத்துக் காலூன்றிய பிறகு, பேரன் இவ்வளவு தூரம் வடக்கே வந்து தாத்தாவுக்குக் கல்லில் ஒரு கோயில் எடுக்கிறான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ஆள், இதை இவ்வளவு சின்னதாக, அடக்கமாக எடுத்திருக்கிறான். எனக்குப் பெரிய கோயிலை விட இது ஒரு படி மேல். அடிக்க வருபவர்கள் வரிசையில் வரலாம்.

சித்தி தலையில் கை வைத்துக்கொள்வாள், போய்க் குளிக்க வேண்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தாவுக்குப் பேரன் செஞ்சிருக்கான். இதுல தீட்டு எங்க வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு நாலாவது சுற்றுக்குக் கிளம்பினாள். எங்கள் தாத்தாவுக்குத் திவசம் கொடுப்பது போன வருஷம் விட்டுப்போனதைப் பற்றி என் அப்பாவை நாலு வார்த்தை திட்டவும் செய்தாள், அது இங்கே வேண்டாம்.

கல்வெட்டைப் படிக்க முயற்சி செய்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரிக்குள் கழுத்து வலி வந்துவிட்டது. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், சாய்ந்த வெயிலில் எழுத்து எடுப்பாகத் தெரியும். மத்தியான வெயிலில் எல்லாமே ஒரே வெள்ளை.

அப்புறம் புளியமரம், பஸ், ஆட்டோ. அதுதான் சொல்லியாயிற்றே. 500 ரூபாய் பட்ஜெட்டில் 450 அங்கேயே காலி.

திருவல்லத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குள் கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. வில்வநாதீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். எந்தச் சிவன் கோயிலிலும் நந்தி சாமியைத்தானே பார்க்கும்? இங்கே சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. அபிஷேகத் தண்ணீர் கொண்டுவந்தவரைக் கஞ்சன் என்ற அசுரன் வழிமறித்தானாம், நந்தி போய் அவனைக் கிழித்துப் போட்டுவிட்டு, திரும்பவும் வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று மலைப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டதாம். பக்கத்தில் ஓடுகிற பொன்னையாற்றுக்கு நீவா என்று பழைய பெயர். சிவன் "நீ வா" என்று கூப்பிட்டதால் வந்த நதி என்பார்கள். இப்போது கூப்பிட்டால் மணல்தான் வரும்.

"கஞ்சன் எந்தப் பக்கம் இருந்தான்?" என்று கேட்டாள் சித்தி. நந்தி பார்க்கிற திசையைக் காட்டினேன். "நம்ம ஆட்டோக்காரன் போனதும் அந்தப் பக்கம்தான்" என்றாள்.

வெளியே வந்தபோது ஆறு மணி. மெயின் ரோட்டில் காட்பாடி போகிற டவுன் பஸ் வந்தது. கை காட்டினோம், நின்றது. உட்கார இடமும் இருந்தது. கண்டக்டர் காசில்லாத டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். சித்தி இரண்டையும் வாங்கி, காலையில் வாங்கிய டிக்கெட்டுகளோடு சேர்த்து நாலாக மடித்து, விபூதிப் பொட்டலத்துக்குள் வைத்துக்கொண்டாள்.