கருத்தடைக்குப் போனது நான், தேடியதெல்லாம் என் மனைவியை

ஒருவழியாக நேற்று சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. கால் மணி நேர வேலைக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. ஆபரேஷன் வலித்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றதுதான் கால் கடுத்தது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். இரண்டாவது பிரசவத்தின்போதே சேர்த்து முடித்துவிடலாம் என்றுதான் இருந்தோம், குழந்தை எடை குறைவாகப் பிறந்ததால் இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்புறம் காப்பர்-டி. பத்து வருஷம் தாங்கும் என்று போட்டது எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை, உதிரப்போக்கு நிற்காமல் எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை போட்டால் அவளுக்குத் தலைவலி. இன்னொரு தடவை அவளை மேசையில் படுக்க வைக்க எனக்கு மனசில்லை, நான் பண்ணிக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பாவுக்கு வேறு பயம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1976-77இல் மட்டும் நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செய்திருக்கிறார்கள், அந்தப் பயம் அவர் தலைமுறைக்கு இன்னும் போகவில்லை. இது அந்தக் காலத்து ஆபரேஷன் இல்லை, தழும்பில்லாத முறை, 1974இல் சீனாவில் கண்டுபிடித்தது, கத்தியே வைக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

சரி, அரசு மருத்துவமனை. முதல் நாள் கவுன்டரில் விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, “பேஷன்ட் எங்கே?”

“நான்தான்.”

“அது சரி சார், உங்க வீட்டம்மா எங்கே?”

மூன்று முறை சொன்ன பிறகும் சீட்டில் ஒரு வார்டு நம்பரை எழுதிக் கொடுத்தார். போனால் அது பிரசவ வார்டு. வாசலில் காவலுக்கு இருந்த பெண், ஆம்பளைங்க உள்ளே வரக்கூடாது என்று கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். அங்கிருந்து வெளியே வந்த ஒரு செவிலியர்தான் பாவப்பட்டு விவரம் சொன்னார்: ஆண்களுக்குச் செய்யப் பயிற்சி எடுத்த டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். நான் போனது வியாழக்கிழமை. போவதற்கு முன்னால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், எனக்கு வீணான லீவு உங்களுக்காவது மிஞ்சும். நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடைக்கென்றே இரண்டு வாரம் நடத்துகிறார்கள், நான் கடைசியில் பண்ணிக்கொண்டது அப்போதுதான்.

காத்திருந்த நேரத்தில் போனில் தேடிப் பார்த்தேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மணமான பெண்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். 1952லிருந்து குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது! கவுன்டர்காரர் என் மனைவியைத் தேடியதில் அதிசயமே இல்லை.

இரண்டாவது தடவை சம்மதப் படிவத்தில் மாட்டிக்கொண்டேன். மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு என்றார் எழுத்தர். விதிப்படி அது தேவையே இல்லை. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், 60 வயதுக்குள் இருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும், கையெழுத்து நம்முடையது போதும். “இங்கே இப்படித்தான் வழக்கம்” என்றவரிடம் வாதாடிப் பயனில்லை என்று நேரே டாக்டரிடம் போனேன், அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மனைவிக்குத் தெரியாமல் பண்ணிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன்: மரத்துப்போக ஊசி போடும்போது ஒரு சுருக், அப்புறம் உள்ளே ஏதோ இழுக்கிற மாதிரி, முடிந்தது. தையல் இல்லை. அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள்.

சொன்னபடி கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஒரு வாரம் கனமான எதையும் தூக்காதீர்கள் என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். நான்காவது நாள் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று சிலிண்டரைத் தூக்கினேன். ஒரு பக்கம் வீங்கி, ஐஸ் வைத்துக்கொண்டு மேலும் எட்டு நாள் படுத்திருந்தேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. இறுக்கமான ஜட்டி இரண்டு மூன்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய உதவி.

ஊக்கத்தொகை 1,100 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். என் வங்கி இன்னொன்றோடு இணைந்து ஐ.எப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறது, நான் கொடுத்ததோ பழைய பாஸ்புக் ஜெராக்ஸ். பணம் திரும்பிப் போய், மறுபடி மனு எழுதி, பங்குனியில்தான் வந்தது. பஸ்ஸுக்கே அதில் பாதி போயிருக்கும்.

ஆபரேஷன் முடிந்த அன்றே பலன் கிடையாது, மூன்று மாதம் ஆணுறை கட்டாயம். இதைப் பலர் விட்டுவிட்டு அப்புறம் ஆபரேஷன் பெயிலியர் என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை. மருத்துவமனைக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வாருங்கள் என்றார்கள், ஓடி வந்து சேர்ந்தால் லேப்காரர் சாப்பிடப் போய்விட்டார். அந்த சாம்பிள் வீண். மறுநாள் கொடுத்ததில் இன்னும் உயிரணு இருக்கிறது, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று முடிவு வந்தது.

அடுத்த மாதம் ரிப்போர்ட்டை நீட்டிய லேப்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சுத்தமா இல்லை சார். மனசு விட்டுடாதீங்க, இப்பல்லாம் நல்ல மாத்திரை இருக்கு” என்றார். நான் சிரித்ததைப் பார்த்து அவர் இன்னும் பயந்துவிட்டார்.

இந்த ரிப்போர்ட் இல்லாமல் சான்றிதழ் தர மாட்டார்கள், நாளைக்கு ஏதாவது தவறிப்போய் இழப்பீடு கேட்க வேண்டி வந்தாலும் இந்தக் காகிதங்கள்தான் பேசும், அதனால் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கொடுத்த படிவத்தில் ‘திருமதி’ என்று அச்சாகியிருந்தது. பேனாவால் அதை அடித்து, மேலே பொடி எழுத்தில் ‘திரு’ என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார்கள்.