முட்டி நின்ற எண்

அன்றைக்கு இரவுப் பணி என்னுடையது. பதினொன்றரை மணிக்கு மேல் தரவுத்தளத்தின் பதிவு அட்டவணையில் ஒரு வரிகூடப் புதிதாக ஏறவில்லை. அதில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் வரிசையாக ஓர் எண் தானாகவே விழும். வந்த பிழைச் செய்தி ஒன்றே ஒன்று: 2147483647 என்ற எண் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த 'ஏற்கெனவே'வை நம்பி ஒரு மணி நேரம் வீணாக்கினோம். ஒரே எண்ணை இரண்டு முறை தருவது யாருடைய நிரல் என்று தேடினோம். அட்டவணையில் இருந்ததே நாலைந்து கோடி வரிகள்தான். பழையவற்றை அவ்வப்போது அழித்துவிடுவோம். வரி அழிந்தாலும் அதன் எண் திரும்பி வராது என்பது ஒருவர் நினைவிலும் இல்லை. எண்ணை நிதானமாகப் படித்த சக ஊழியர்தான், "இது 32 பிட்டோட கடைசி எண்ணாச்சே" என்றார். வரி எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆக 32 இலக்கங்கள். கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போனால் மிச்சம் 31. இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2147483647.

64 பிட்டுக்கு மாற்றக் கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சும்மா இருப்பானேன் என்று, அந்த எண்ணை எது வகுக்கும் என்று பார்க்க நாலு வரி நிரல் எழுதினேன். வர்க்கமூலம் 46341-ஐத் தொடவில்லை. ஆக, 46340 வரை பார்த்தால் போதும். கண் இமைப்பதற்குள் முடிந்தது. எதுவும் வகுக்கவில்லை. பகா எண்!

கணினி இல்லாமலே இதை 1772இல் கணித மேதை ஆய்லர் நிறுவியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 46340க்குள் பகா எண்கள் 4792 இருக்கின்றன. அத்தனையையும் அவர் தொடவில்லை. இந்த எண்ணைப் பகா எண் ஒன்று வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 62ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களே தேறும். முதலில் 311, அடுத்தது நேரே 1303. இப்படி மொத்தமே 84 பகா எண்கள். என் நிரலோ 2, 3, 4 என்று ஒவ்வொரு படியாக ஏறியது. வேகமான கணினி இருந்ததால் சோம்பல் வெளியே தெரியவில்லை.

இரண்டின் அடுக்கான 31 பகா எண் என்பதால் மட்டும் 2147483647 பகா எண்ணாகிவிடவில்லை. இரண்டின் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047, அது 23 × 89. ஆனால் அடுக்கு பகுபட்டால் எண்ணும் பகுபட்டே தீரும். 16 பிட்டின் எல்லையான 32767இல் அடுக்கு 15. அது 3ஆல் வகுபடுவதால், எண் 7ஆல், அதாவது இரண்டின் 3ஆம் அடுக்கில் ஒன்று குறைத்ததால், வகுபடுகிறது.

விடியும் நேரத்தில் மாற்றம் முடிந்தது. புது எல்லை 9223372036854775807. இங்கே அடுக்கு 63. ஏழால் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லை. இன்னொரு முறை ஏழால் வகுத்தேன், அப்போதும் இல்லை. அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'எண் தீர்ந்துவிட்டது' என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.