நாகர்கோவிலில் வாழ்ந்த நாயகி

நாம் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில் நாகர்கோவிலில் ஒரு சினிமா கதாநாயகி குடியிருந்தார். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி பி.கே.ரோசி. அக்கம்பக்கத்தாருக்கு அவர் ராஜம்மாள், லாரி டிரைவர் கேசவபிள்ளையின் வீட்டுக்காரி. 1988-இல் கண்ணை மூடும்வரை அந்தப் பெயரில்தான் இருந்தார்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பள்ளி நினைவுகளை எழுதித் தரச் சொன்னார்கள். நம் நினைவு என்று உட்கார்ந்தால் பாதிக்கு மேல் சினிமாதான் வரும், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மணிமேடைப் பக்கம் போஸ்டர் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவோம். மற்ற ஊர்ப் பையன்களுக்கு எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று இரண்டுதான். நமக்கு மூன்றாவதாக மலையாளத்துப் பிரேம் நசீர் கட்சியும் இருந்தது. திருவனந்தபுரம் வானொலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். ஷீலாவும் சாரதாவும் ஜெயபாரதியும் நமக்குப் பக்கத்து வீட்டு மனுஷிகள்போல. எந்தப் படத்தில் யார் ஜோடி என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். அப்படிப்பட்ட கூட்டம் பேசிப் பேசி நடந்த ஊரில்தான் அந்த அம்மாவும் இருந்திருக்கிறார்.

வகுப்பில் ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. நம் வரலாறு சாரை நினைவிருக்கும், அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பின்வரிசையில் சினிமாப் பாட்டுப் புத்தகம் பிடிபட்ட நாள் அது. அடி விழும் என்று இருந்தவர்களிடம், "ஏலே மக்கா, மலையாளத்துல முதல் படம் எடுத்தவர் யாரு தெரியுமா? எங்க ஊர்க்காரர். டேனியல்னு பேரு. பல் டாக்டர்" என்றார். "அதுல நடிச்ச பொம்பளைய அடிச்சு விரட்டிட்டானுவ" என்றும் சொன்னார். அவ்வளவுதான், பாடத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரி மட்டும் எப்படியோ என்னிடம் தங்கிவிட்டது.

சார் சொன்னது ஜே.சி.டேனியலை. 1900-இல் பிறந்தவர், வசதியான கிறிஸ்தவ நாடார் குடும்பம். சிலம்பமும் களரியும் அடிமுறையும் அவருக்கு உயிர். அந்தக் கலைகளை உலகம் பார்க்க வேண்டும் என்றால் சினிமாதான் வழி என்று நினைத்து, நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் 'டிராவன்கோர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஒரு ஸ்டூடியோவே கட்டினார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயகன் வேடம் எல்லாம் அவரே. படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. திருவிதாங்கூர்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவனை இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அவன் அங்கே தோட்டத்தில் வேலை செய்து வளர்கிறான். கடல் தாண்டிப் பிழைக்கப் போன நமக்கு இந்தக் கதை கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கிறது. புராணத்தை விட்டால் கதையே இல்லை என்று பட முதலாளிகள் நம்பிய காலத்தில் ஒரு குடும்பக் கதையை எடுத்த துணிச்சலும் பெரிதுதான்.

கதாநாயகி வேடத்துக்கு முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தார்கள். சரிப்பட்டு வரவில்லை, திரும்பிப் போய்விட்டார். நல்ல குடும்பத்துப் பெண் சினிமாவில் நடிப்பதா என்று ஊரே முகம் சுளித்த நேரம். அப்போதுதான் ரோசி கிடைத்தார்.

ரோசி 1903-இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட புலையர் சமூகம். புல் அறுத்து விற்ற ஏழை வீட்டுப் பெண். ஆனால் அவர் அதற்கு முன்பே நடிகை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏதோ தெருவில் போன பெண்ணைக் கூப்பிட்டு கேமரா முன் நிறுத்தியதுபோலச் சிலர் எழுதுகிறார்கள். அவர் காக்காரிசி நாடகம் ஆடியவர். நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கூத்தைப் பற்றிச் சொல்வார்கள். சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமாக, குறி சொல்லும் நாடோடிகளாக வருவார்கள். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டும் பேச்சும் கேலியுமாக விடிய விடியப் போகும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கூத்து அது. அதில் பெண்ணாகவே இறங்கி ஆடியவர் ரோசி. ஆயிரம் கண்களுக்கு முன்னால் நின்று பழகியவர்.

படப்பிடிப்புக்குத் தினமும் வருவாராம். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுவருவாராம். நாளுக்கு 5 ரூபாய் கூலி, பத்து நாள் வேலை என்று சொல்கிறார்கள். அவருக்குக் கொடுத்த வேடம் சரோஜினி என்ற நாயர் வீட்டுப் பெண். காலையில் வந்து, மேல்சாதிப் பெண்ணின் உடையும் நகையும் பூட்டிக்கொண்டு நின்று நடித்துவிட்டு, மாலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குடிசைக்கு நடந்து போயிருக்கிறார்.

படம் வெளியான தேதியில் ஆராய்ச்சியாளர்களுக்குள் தகராறு உண்டு. 1928 நவம்பர் 7 என்று ஒரு கணக்கு, 1930 அக்டோபர் 23 என்று இன்னொரு கணக்கு. இடத்தில் தகராறு இல்லை, திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டர். தொடங்கிவைக்க வந்தவர் பெரிய வக்கீல் மள்ளூர் கோவிந்தபிள்ளை. ரோசி அரங்குக்குள் இருந்தால் நான் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஊரின் முதல் படத்தைப் பார்க்க அதன் கதாநாயகிக்கு இடம் இல்லை. திரையில் கதாநாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிட்ட இடத்தில் கூட்டம் எழுந்து கல்லெறிந்தது. திரை கிழிந்தது. அதோடு விடவில்லை, அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள்.

எதற்காக இவ்வளவு கோபம்? கேரளத்து நண்பர்கள் இதைச் சினிமா வரலாற்றில் வைத்துப் பேசுகிறார்கள். நம் மாவட்டத்துக்காரனுக்கு அதைக் கேட்டவுடன் தோள்சீலைப் போராட்டம்தான் மனதில் வரும். 1822-இல் தொடங்கி 1859 வரை கல்குளத்திலும் இரணியலிலும் தக்கலையிலும் நம் பாட்டிமாரின் பாட்டிமார் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காகச் சந்தையில் வைத்து அந்தத் துணியைக் கிழித்தார்கள், வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் ராஜாவின் உத்தரவு வந்தபோதுகூட நாடார் பெண்கள் மேல்துணி போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் கூடாது என்றுதான் வந்தது. யார் எந்த உடுப்பைப் போடலாம் என்பதை அரசாங்கமே எழுதிவைத்த நாடு அது. அதிலிருந்து எழுபது வருஷம் கழித்து ஒரு புலையர் வீட்டுப் பெண் நாயர் பெண்ணின் உடுப்பில் திரையில் வந்து நிற்கிறார். அதே கோபம்தான் கல்லாகப் பறந்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே பாடமாக நமக்குச் சொல்லித் தந்திருக்கலாம்.

அந்த நாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்தவரும் ஒரு பெண்தான், ராணி சேது லட்சுமி பாய். ரோசியைக் காக்க ஒரு போலீஸ்காரர்கூட முன்னே வந்ததாகத் தெரியவில்லை.

தெற்கே போகும் ஒரு லாரியில் ஏறித் தப்பினார் என்கிறார்கள். அந்த லாரியை ஓட்டியவர்தான் கேசவபிள்ளை, பிற்பாடு அவரையே மணந்துகொண்டார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று நமக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்த ரோடு. பள்ளிச் சுற்றுலாவுக்கு மிருகக்காட்சிசாலை பார்க்க அந்த ரோட்டில்தான் பாடிக்கொண்டு போனோம்.

ரோசி 'தமிழ்நாட்டுக்குத் தப்பிவிட்டார்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நம் ஊர்க்காரர் எழுதினால் அங்கே ஒரு திருத்தம் போட வேண்டும். அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. களியக்காவிளையில் அப்போது எந்த எல்லையும் கிடையாது, எல்லை ஆரல்வாய்மொழியில். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். ஆக, அவர் வந்து சேர்ந்தது அதே அரசாங்கத்தின் இன்னொரு மூலைக்கு. இங்கேயும் அதே சாதிக் கட்டுதான். கோயில் தெருவில் நடக்கும் உரிமை கேட்டு 1926-இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பரில்தான். எல்லை தாண்டியதால் கிடைத்த பாதுகாப்பு என்று எதுவும் அவருக்கு இல்லை. மொழி மாறியது, பேர் மாறியது, அந்தப் பேருக்குள்ளேதான் ஒளிந்து வாழ்ந்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேலே ஒரு நடிகை ஒரு நொடிகூட வேடம் கலையாமல் வாழ்ந்திருக்கிறார். அவர் திரையில் நடித்தது பத்து நாள்தான்.

பிள்ளைகளுக்கே அம்மாவின் பழைய கதை அதிகம் தெரியாது என்கிறார்கள். அதை நான் முழுக்கப் புரிந்துகொள்கிறேன். கொளுத்திய வீட்டைப் பார்த்தவர் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம். அந்தக் குடும்பத்தின் நிம்மதியை யாரும் தோண்டக் கூடாது என்பதும் என் எண்ணம்.

ஆனால் எனக்கு ஒரு ஏக்கம் தீரவே மாட்டேன் என்கிறது. அவர் பிறகு சினிமா பார்த்திருப்பாரா? 'விகதகுமாரன்' ஆலப்புழை, கொல்லம், திருச்சூர், தலைச்சேரியோடு நாகர்கோவிலிலும் ஓடியதாகச் சொல்கிறார்கள். தான் ஒளிந்து வாழும் ஊரிலேயே தன் முகம் திரையில் ஓடுவது எப்படி இருந்திருக்கும்? பிறகு நசீர் படத்துக்குப் பெண்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்திருப்பாரா? அந்த வரிசைகளில் நம் அம்மாக்களும் நின்றார்கள், கையில் பழம்பொரிப் பொட்டலத்தோடு நாமும் நின்றோம்.

டேனியல் கதையும் சோகம்தான். கடனில் ஸ்டூடியோ போயிற்று. பிற்காலத்தில் பல் வைத்தியம் பார்த்துக் கஷ்டப்பட்டு, 1975 ஏப்ரலில் இறந்தார். நலிந்த கலைஞர் உதவி கேட்டபோது, நீர் கன்னியாகுமரிக்காரர், தமிழ்நாட்டில் போய்க் கேளும் என்று கேரளத்தில் கைவிரித்தார்கள். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதிப் போராடித்தான் அவருக்கு மலையாள சினிமாவின் தந்தை என்ற இடம் கிடைத்தது. 1992 முதல் கேரள அரசின் மிகப் பெரிய திரை விருது அவர் பெயரில். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்றில்லை. டேனியலின் உறவினர் ஆர்.சுந்தர்ராஜ் அதற்கு அடுத்து எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கிறது.

ரோசிக்கு நியாயம் இன்னும் தாமதமாக வந்தது. குன்னுக்குழி எஸ்.மணி போன்றவர்கள் தேடித் தேடி எழுதினார்கள். 2013-இல் டேனியலைப் பற்றி வந்த மலையாளப் படத்தில் ரோசியும் ஒரு பாத்திரம். அந்த வருஷம்தான் அபுதாபியில் எங்கள் ஆபீஸ் மலையாளி நண்பர், "அண்ணா, ரோசி உங்க நாகர்கோவில்லதானே இருந்தது?" என்று என்னிடம் கேட்டார். சார் சொன்ன வரிக்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது. உடனே ஊருக்குப் போன் போட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை, அத்தானுக்குத் தெரியவில்லை, நூறு வருஷக் கதை சொல்லும் மாமாவுக்கும் தெரியவில்லை. லீவில் போனபோதும் விசாரித்தேன், பலன் இல்லை. 2019-இல் கேரளத்துத் திரைப் பெண்கள் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி கூகுள் தன் முகப்பிலேயே அவரை வரைந்து வைத்தது. அன்றைக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன், பலர் நம்பவே இல்லை. இணையத்தில் சுற்றும் ஒரே ஒரு மங்கிய படம்கூட அவருடையதுதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கலைவாணருக்கு நம் ஊரில் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆண்டு விழா மேடையில் மாவட்டத்துப் பெருமை என்று நாம் மனப்பாடமாக ஒப்பித்த பட்டியலில் கவிமணி உண்டு, கலைவாணர் உண்டு, செய்குத்தம்பிப் பாவலர் உண்டு. ஒரு பெண் பெயர் கிடையாது. அதே மேடையில் நாடகம் என்றால் பெண் வேடத்துக்குப் பையன்தான். யாராவது ஒருவன் அக்காவின் சேலையை இரவல் வாங்கி வந்து கட்டுவான், கையில் கண்ணாடி வளையல், முகமெல்லாம் ரோஸ் பவுடர். மேடையில் கால் வைத்ததும் பின்னாலிருந்து விசில் பறக்கும். வேடம் கட்டிய பையனையே அந்தப் பாடு படுத்திய கூட்டத்தின் முன்னால், அதற்கு ஐம்பது வருஷம் முன்பே ஒரு பெண் தன்னந்தனியாக நின்றிருக்கிறாள். இப்போது நம் பள்ளியில் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள், நாடகத்தில் அவர்களே நடிக்கிறார்கள்.

அதனால் சங்கத்திடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, ஊரில் எண்பது தாண்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ராஜம்மாள் என்ற அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு, நடை, பாட்டு, எது நினைவில் இருந்தாலும் எழுதி மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். மற்றது, ஆண்டு விழா நாடகப் போட்டியில் சிறந்த நடிப்புக்கான பரிசை நம் சங்கம்தான் வருஷா வருஷம் கொடுக்கிறது. அதற்கு இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை. பி.கே.ரோசி பரிசு என்று வைக்க அடுத்த பொதுக்குழுவில் முன்மொழியப் போகிறேன். பரிசுத் தொகையை என் பங்காக நான் ஏற்றுக்கொள்கிறேன். வழிமொழிய யாராவது கை தூக்குங்கள்.