டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம்

"காலையில 9 மணிக்கு ஏறி 10.30-க்குத் திருச்சியில இறங்குறியாமே, அப்புறம் ஏன்டி பொங்கலுக்கு வரல?" அறந்தாங்கிப் பக்கமிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்களிடம் ஊரில் கேட்கும் கேள்வி. சிரிப்பும் வரும், சுருக்கென்றும் இருக்கும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் மணி. மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் பயணம் 4 மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து திருச்சி சுமார் 2,700 கிலோமீட்டர். சுமத்ராவின் அச்சே முனை, பிறகு வங்கக் கடல், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்கு வடக்கே நம் கரை. ஆடி மாதத்தில் உயரத்தில் வீசும் கிழக்குக் காற்று தள்ளிவிடுவதால் போவது சற்றுச் சுருக்கு. திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். திரும்பும் டிக்கெட் இன்னும் வேடிக்கை. இரவு 11.30-க்கு ஏறினால் காலை 6 மணி என்று இருக்கும், ஆறரை மணி நேரம் போல. தாய்வீட்டிலிருந்து வருகிற வழிதான் நீளம் என்று டிக்கெட்டுக்கும் தெரிந்திருக்கிறது!

ஆனால் மெனக்கெடெல்லாம் தரையில்தான். கோலாலம்பூர் விமான நிலையம் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காரில் மூன்றரை மணி நேரம். 9 மணி விமானத்துக்கு 6 மணிக்கே அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு இ.டி.எஸ். என்கிற விரைவு மின்ரயில் உதவாது, விடியற்காலை 2.30-க்கே கார் கிளம்ப வேண்டும். ஏர் ஏஷியா விமானமென்றால் இரண்டாம் முனையம். முதல் முனையத்தில் இறங்கிவிட்டு ஓடக்கூடாது. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள். கையில் 7 கிலோதான். பெரிய புட்டியில் தைலம் வாங்கியிருந்தால் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பிடுங்கிவிடுவார்கள். திருச்சியில் பாஸ்போர்ட் முத்திரை, பெட்டி என்று ஒரு மணி நேரம். புதுக்கோட்டை வழியாக வீடு சேர மதியம் 2 ஆகும். நம் கணக்கில் 14 மணி நேரம். அதில் ஆகாயத்தில் போவது நாலுதான்.

ஊர் பழகிவிடும். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும் ரொட்டி சானாய் பரோட்டாவும் செம்பனைக் காட்டுச் சாலையும் நம்முடையவை ஆகிவிடும். என்றாலும் இங்கே 8.30 அடித்தால் அங்கே 6, அம்மா வாசல் தெளிக்கிற நேரம் என்று கணக்கு தானாகவே ஓடும்.

அந்தக் கணக்கு நிஜமாகத் தேவைப்படுவது சாவுச் சேதி வரும்போது. இங்கே இரவு 10 மணிக்குப் போன் வந்து, காலை விமானத்தில் இடமும் கிடைத்தால், மறுநாள் மதியம் 2-க்கு முகம் பார்த்துவிடலாம். சாயங்காலம் எடுப்பதற்குள் போய்விடலாம். திருச்சிக்கு இடமில்லை, சென்னைக்குத்தான் என்றால் பறப்பது ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனால் அங்கிருந்து ஊருக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம். ராத்திரிதான் போய்ச் சேர முடியும். அதை முதல் போனிலேயே அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும், ஐஸ் பெட்டியை அதற்கும் அடுத்த நாள் வரைக்கும் பேசி வைக்கச் சொல்லி.