திருவொற்றியூரில் ஒரு பழைய கோ-கார்ட்

ஜூன் 1, 2025, ஞாயிறு

செங்குன்றம் பக்கம் ஒரு ஷெட்டில் கிடந்த கோ-கார்ட்டை, அதாவது சின்ன ரேஸ் வண்டியை, குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின், 163 சிசி. டயர்கள் பாளம் பாளமாக வெடித்திருக்கின்றன, சீட்டின் ஓரம் உடைந்திருக்கிறது. காசு கொடுத்தால் அதெல்லாம் கிடைத்துவிடும். நான் பார்த்தது சேஸிஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தைத்தான். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தேன், இரண்டு அளவும் ஒத்துப்போனது, சட்டம் கோணவில்லை. அதற்கப்புறம்தான் விலையே பேசினேன்.

பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்தார். இங்கே என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த சோழவரம் பந்தயங்களைப் பற்றி ஆரம்பித்தவர், இருட்டும்வரை நிறுத்தவில்லை.

ஜூன் 4, புதன்

கடல்காற்று இரும்பைச் சும்மா விடாது. கம்பி பிரஷ் போட்டு பெயின்ட், துரு எல்லாவற்றையும் சுரண்டினேன். அப்புறம் மாமா சொன்னபடி ஒவ்வொரு வெல்டிங் மேலும் டீசல் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தேன். பின் ஆக்சில் பேரிங் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடிக்கு நடுவே முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு எழும்பி வந்தது. விரிசலுக்குள் புகுந்த டீசல் வெளியே கசிந்ததால் வந்த கோடு. வெறுங்கண்ணுக்கு அது கடைசிவரை தெரிந்திருக்காது.

ஜூன் 8, ஞாயிறு

வெல்டர் அண்ணன் கோட்டைப் பார்த்ததும், "இதுக்கு மேல ஒரு பட்டை அடிச்சு வுட்டா ஜென்மத்துக்கும் வுடாது தம்பி" என்றார். கேட், கிரில் என்றால் அவர் சொல்வது சரி. கார்ட்டுக்கு ஆகாது.

கோ-கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி திரும்பாமல் நேராகத் தள்ளும். அதற்காகத்தான் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கை ஒடித்தால் உள்பக்க முன்சக்கரம் தரையை அழுத்தும், சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், உள்பக்கப் பின்சக்கரம் தூக்கும். சட்டம் முறுக்கிக் கொடுக்காவிட்டால் இந்தக் கணக்கே கெட்டுப்போகும்.

"பட்டை வேணாம்ணா, அந்த இடம் விறைச்சுக்கும். அப்புறம் பட்டை முடியிற இடத்துல பைப் கிழியும்" என்றேன். கொஞ்ச நேரம் பைப்பையே பார்த்தார். பிறகு கோட்டின் இரண்டு நுனியிலும் சின்ன ஓட்டை போட்டு, நடுவில் வி மாதிரி அரைத்து, டிக் வெல்டிங்கில் நிதானமாக நிரப்பினார். நல்ல கை.

ஜூன் 15, ஞாயிறு

கார்புரேட்டர் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருந்தது. பெட்ரோல் போகும் ஜெட் துவாரத்தை ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் திறந்தேன். கெட்டிக் கம்பி விட்டால் துவாரம் பெரிதாகிவிடும். ஃப்ளைவீல் காந்தத்தின் துருவை எம்ரி பேப்பரில் எடுத்து, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். புது பிளக், கிட்டத்தட்ட 600 மில்லி ஆயில். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குத் தெருப் பையன்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் கட்டிய முதல் கார்ட்டுக்குப் புல்வெட்டும் எஞ்சின்தான். நம்முடையதும் அந்த வம்சம்தான்.

ஜூன் 18, புதன்

புதுப்பேட்டை. செயின், பேரிங், பிரேக் பேட் எல்லாம் கிடைத்தன.

ஜூன் 22, ஞாயிறு

மாமாவை சீட்டில் உட்காரவைத்து முன்சக்கர அளவு பிடித்தேன். ஆள் பாரம் இல்லாமல் எடுக்கும் அளவை நம்பக்கூடாது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்தேன். இடது பின்டயருக்கு அடியில் நான் வைத்திருந்த பேப்பர், அதுவரை இறுகிக் கிடந்தது, இளகி வந்தது. சட்டம் உயிரோடுதான் இருக்கிறது!

சாயங்காலம் மணலியில் தெரிந்தவருடைய கிடங்கு வளாகம். ஹெல்மெட், செயின் கவர், தீயணைப்பான் எல்லாம் எடுத்துப்போனோம். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிரேக் மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கிறது, அதை அடுத்த வாரம் பார்க்கவேண்டும். ஓட்டி முடித்ததும் வெல்டிங்கில் மறுபடி டீசல், சாக்பீஸ். கோடு இல்லை.

அப்புறம் மாமா ஏறினார். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரை இறங்கவே இல்லை.