எஞ்சின் வேலைக்குப் பிறகு புல்லட்டில் வந்த சத்தம்: இறக்காமலே சரிசெய்த கதை

வேலை முடிந்து வந்த புல்லட்டில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால், "கனெக்டிங் ராட் போச்சு, எஞ்சினைத் திரும்ப இறக்கணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் அந்த ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டி, அப்பச்சி 1980களில் வாங்கிய 350. சிபி பாயிண்ட் (திறக்கும்போது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சுவிட்ச்), 6 வோல்ட்டோ 12 வோல்ட்டோ என்று யாரும் கேட்காத காலத்து வயரிங், வலது காலில் கியர். அப்பச்சி போன பிறகு காரைக்குடி வீட்டு முகப்பில் பல வருடம் சும்மா நின்றது. ஆத்தங்குடிக் கல்லில் ஆயில் சொட்டாமல் இருக்க ஆத்தா அதன் அடியில் விரித்த சாக்கு மட்டும் அவ்வப்போது மாறும். அதை ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், ராட், பேரிங் எல்லாம் போட்டுத்தான் எடுத்து வந்தேன்.

வந்ததும் இரண்டு தொந்தரவு. கிக்கர் சில நேரம் திருப்பி அடித்தது. கெண்டைக்கால் கன்றிப்போகும் அளவுக்கு. அப்புறம் சத்தம். குன்றக்குடிப் பக்கம் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரைத் திருகினால், தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கினதுபோல் ஒரு கிணிகிணிப்பு. வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டால் அது போய்விடும். வேறொரு 'டக் டக்' கேட்கும். வேலை பார்த்த பட்டறையில் இரண்டையும் ஒரே சத்தமாக எடுத்துக்கொண்டுதான் ராட் என்றார்கள்.

தேவகோட்டையில் புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான். "சூடாகிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ஐடில்லயா, ஏத்தத்துலயா? ரேஸ் பண்ணினா கூடுதா, லோடு கொடுத்தா கூடுதா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, "தம்பி, இதுல ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு கரண்டு, ஒண்ணு இரும்பு" என்றார்.

லோடில் மட்டும் வருவதும், கிக்கர் திருப்பி அடிப்பதும் சேர்ந்தால் முதலில் டைமிங்கைத்தான், அதாவது பிளக் தீப்பொறி அடிக்கும் நேரத்தைத்தான், சந்தேகப்பட வேண்டும். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் பிளக் ரொம்ப முன்னாடியே அடித்துவிடுகிறது. எரியும் வாயு ஏறி வரும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளுகிறது. இதைச் சோதிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி அதே ரோட்டில் ஓட்டினால் போதும். கிணிகிணிப்பு குறைந்தால் அது ராட் இல்லை. குறைந்தது.

அதன் பிறகுதான் முறையாக வைக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

பாயிண்ட் இடைவெளிதான் முதலில்; டைமிங் அதற்கப்புறம். இந்த வரிசை மாறவே கூடாது. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாகவே முன்னுக்குப் போய்விடும். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என் வண்டியில் அதைவிட அதிகமாகவே இருந்தது. அதோடு பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் இருக்கும், வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னுக்கு நகர்த்தும் ஆட்டோ அட்வான்ஸ் குண்டுகளை விரலால் விரித்து விட்டுக் காட்டினார். ஒன்று உடனே மூடிக்கொண்டது. மற்றதன் ஸ்பிரிங் நீண்டு போய், பாதியிலேயே நின்றது. ஐடிலிலேயே பாதி அட்வான்ஸ் என்றால் கிக்கர் திருப்பி அடிக்காமல் என்ன செய்யும்? ஸ்பிரிங் ஜோடியாக மாற்றினோம்.

பிறகு பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்பக்கமாக மட்டும் உருட்டினார். வால்வுகளைத் திறக்கும் புஷ்ராட் கம்பிகள் இரண்டும் விரலால் சுழலும் நிலைதான் கம்ப்ரஷன். பிஸ்டன் உயரம் பார்க்க, பிளக் துளையில் சைக்கிள் கம்பி. பிஸ்டனின் உச்சியை நேரடியாகப் பிடிக்க முடியாது. அங்கே பிஸ்டன் நின்றதுபோல் இருக்கும், ஆனால் கிராங்க் பல டிகிரி திரும்பியிருக்கும். ஏறும்போது ஒரு உயரத்திலும், இறங்கும்போது அதே உயரத்திலும் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நடுவைத்தான் உச்சியாக எடுத்தார். இவ்வளவு நிதானமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால், அட்வான்ஸ் குண்டுகள் மூடிய நிலையில், பாயிண்ட் திறக்க வேண்டும். சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டரைப் பார்த்தால் தெரியும். பாயிண்ட் மூடியிருக்கும்போது இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முள், திறந்த கணத்தில் நடுவுக்குத் திரும்பும். அந்த அசைவு சரியாக 0.8-ல் வரும்வரை திருகித் திருகி வைத்தார். ரொம்பப் பின்னுக்கு வைப்பதும் தப்பு: பிக்கப் போகும், எஞ்சின் சுடும், சைலன்சர் பைப் நீலம் பாய்ந்துவிடும். சத்தம் நின்றால் போதும் என்று டைமிங்கைப் பின்னுக்கே விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து இரும்புச் சத்தம். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சிலிண்டர் பக்கத்து டாப்பெட் மூடியில் (புஷ்ராடின் அடிப்பகுதியை மூடும் தகடு) வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் 'டக் டக்' அங்கேதான் பலமாகக் கேட்டது. எக்ஸாஸ்ட் புஷ்ராடில் மேலும் கீழும் ஆட்டம் இருந்தது. குளிர்ந்த எஞ்சினில், விரலால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அப்படி வைத்து லாக் நட்டை முறுக்கியதும் நின்றது.

காலையில் முதல் கிக்கில் இன்னும் லேசாக ஒரு தட்டல் இருக்கிறது. வார்ப்பிரும்பு போர், அலுமினியம் பிஸ்டன். சூடாகும்போது அலுமினியம்தான் அதிகம் விரியும், இடைவெளி மூடிக்கொள்ளும். கோட்டையூர் தாண்டுவதற்குள் அது காணாமல் போகிறது. அதைத் தொடவேண்டாம் என்றார், தொடவில்லை.

புதுப் பாயிண்டில், சுழலும் கேமில் உரசும் ஃபைபர் குதி முதலில் வேகமாகத் தேயும். இடைவெளி சுருங்கி டைமிங் பின்னுக்குப் போகும். ஆகவே 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றும்போதே இடைவெளியையும் 0.8-ஐயும் மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சுருங்கித்தான் இருந்தது. இப்போது இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் அந்தச் சைக்கிள் கம்பியும் வண்டி டூல் பாக்ஸிலேயே இருக்கின்றன.